கன்னிக்காலுக்கு ஒரு புளியங்கன்று

பேர்கனில் இருக்கும் பிடிவாதக்கார மகனுக்கு, அவனைப் பெற்ற பிடிவாதக்காரி ஒஸ்லோவின் அம்மருட்டிலிருந்து எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நான் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்திருப்பாய். சம்மதமாவது, மண்ணாங்கட்டியாவது! வாயைத் திறந்தால் உன்னையும் சேர்த்துத் திட்டிவிடுவேன் என்றுதான் வைத்தேன். "அம்மா, மண்டபமும் வேண்டாம், ஐயரும் வேண்டாம். நானும் நயோமியும் இஞ்சை பேர்கனிலை கையெழுத்தை வைக்கிறம். நீங்களும் அப்பாவும் வந்து ஒருநேரம் சாப்பிட்டிட்டுப் போங்கோ. அவளைக் கூட்டிக்கொண்டு வந்து மாமான்ரை வாயிலை விழுத்த என்னாலை ஏலாது" என்றாய். உன் குரல் தாழ்ந்து போயிருந்தது. ஆசுப்பத்திரியில் இரத்தத்துக்கும் கத்திக்கும் அஞ்சாத பிள்ளை, மாமாவின் வாய்க்கு அஞ்சுகிறாய். நான் அஞ்சவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் குடும்ப வாட்சப் குழுவிலும் போடுகிறேன். பக்கத்து ரொம்சோஸில் இருக்கிற சனமும் படிக்கட்டும், கனடாவில் இருக்கிற சனமும் படிக்கட்டும், எதிர்க் கட்டிடத்தில் இருக்கிற உன் மாமாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் படிக்கட்டும்.

எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அடுத்த கிழமை உனக்குக் கலியாணம். அதற்கு முன் கலியாண வீட்டு முற்றத்தில் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். முள்முருக்கந் தடி ஒன்றை நிலத்தில் நட்டு, மாவிலையும் மஞ்சள் துணியில் முடிந்த நவதானியமும் கட்டி, மூன்று பெண்கள் தண்ணீரும் பாலும் ஊற்றுவார்கள். அந்தத் தடி துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் அதை ஊன்றுகிற உரிமை தாய்மாமனுக்கு. ஆகவே நானும் அப்பாவும் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து அண்ணன் வீட்டுக்குப் போனோம். நான் பட்டுச்சேலை உடுத்திருந்தேன். அப்பா முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறினார், மின்தூக்கி அன்றைக்கென்று பழுது.

அண்ணன் தட்டைத் தொடவில்லை. "நீ என்ன தங்கச்சி, யோசிச்சுத்தான் வந்தனியோ? முள்முருக்கு இல்லாமல் ஒரு கன்னிக்காலோ? அதுவும் ஆருக்கு? அந்தக் கறுவல் பெட்டைக்கோ?" என்றார். பிறகு இன்னும் சொன்னார்: "உது எங்கடை மண்ணிலை முளைச்ச செடி இல்லைப் பிள்ளை. எங்கையோ கடலுக்கு அங்காலை இருந்து வந்த இறக்குமதி. நான் கை வைக்கமாட்டன். மண்டபத்துக்கும் வரமாட்டன். நான் வராட்டில் மிச்சச் சனம் ஆர் வருகினமெண்டு பாப்பம்." அண்ணன் பெண்சாதி, என் மச்சாள், தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் அப்படியே நின்றா. அப்பா தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, அந்த வாழைப்பழம் முழுவதையும் அழுதழுது நானே தின்றேன். இதுதான் நடந்தது. இதை உனக்கு யாரோ அரைகுறையாகச் சொல்லி, நீயும் மண்டபத்தை விடுவோம் என்று கிளம்பிவிட்டாய்.

அண்ணனை நான் வெறுக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். அவர் இல்லாவிட்டால் நான் நோர்வேயைப் படத்திலும் பார்த்திருக்கமாட்டேன். அவர்தான் முதலில் இங்கே வந்து, மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க வேலை செய்து, என்னையும் அப்பாவையும் எடுப்பித்தவர். நீ பிறந்த அன்று பனிக்குள் நடந்து வந்து உன்னை முதலில் தூக்கியவரும் அவர்தான். அந்த நன்றி என் எலும்பில் இருக்கிறது. ஆனால் நன்றி என்பது வேறு, வாய்க்குப் பூட்டு என்பது வேறு. இத்தனை வருடமும் அவர் சொன்னதற்கெல்லாம் ஓம் போட்டேன். என் மருமகள் ஒரு இறக்குமதி என்று சொன்னதற்கு ஓம் போட என் தலை ஆடாது.

அந்தச் சொல் என்னை விடவில்லை தம்பி. ஏனென்றால் எது இறக்குமதி என்கிற கதையை எனக்குச் சொல்லித் தந்தவளே நயோமிதான். நீ அவளை முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நினைவிருக்கிறதா? நான் இறால் குழம்பு வைத்து, கொஞ்சம் பெருமையாகவே, "பாத்துச் சாப்பிடு பிள்ளை, எங்கடை யாழ்ப்பாணத்துத் தூள் நல்லா உறைக்கும்" என்றேன். அவள் கண்ணீரும் இல்லாமல் மூக்கும் உறிஞ்சாமல் இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினாள். பிறகு சிரித்துக்கொண்டு, மிளகாய் தங்கள் தீவுப் பக்கத்துச் செடிதான் அம்மா, கடல் கடந்துதான் உங்களுக்கு வந்தது என்றாள். எனக்கு வந்ததே கோபம்! என்ன துணிவு பார், என் குசினியில் இருந்து என் மிளகாயைத் தன்னுடையது என்கிறாளே என்று நினைத்தேன். அவள் போன பிறகு அப்பாவிடம், "மிளகாய் எங்கடை இல்லையெண்டால் முருகனும் எங்கடை இல்லையெண்டு சொல்லுவாள் போலை" என்று பொரிந்து தள்ளினேன். அப்பா, "முருகன் மிளகாய் சாப்பிட்டதா எங்கையும் நான் கேள்விப்படேல்லை" என்று மட்டும் சொன்னார். அந்த மனிசன் வாய் திறப்பது குறைவு, திறந்தால் இப்படித்தான்.

பிறகு நானே தேடிப் பார்த்தேன். நயோமி வரும்போதெல்லாம் குசினியில் வைத்துக் கேட்டேன். அவளுக்குச் செடிகொடிதான் படிப்பும் வேலையும், கேட்கக் கேட்கச் சொல்வாள். மிளகாய் மட்டுமா? பப்பாசி, கொய்யா, அன்னாசி, மரமுந்திரிகை எல்லாம் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கியவை. யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர்கள் கல்வீடு கட்டியது எதனால்? புகையிலையால். அதுவும் அங்கிருந்து வந்ததுதான். மரவள்ளியும் அப்படியே. மரவள்ளி என்றதும் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த காலத்தில், அரிசி இல்லாமல், மாவில்லாமல், மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு தின்றுதான் நாங்கள் உயிர் பிழைத்தோம். அந்தக் கிழங்கை நஞ்சு நீக்கித் தின்னலாம் என்று முதலில் கண்டுபிடித்த சனம் அமெரிக்கக் கண்டத்துச் சனம். நயோமியின் தீவுகளிலும் ஆதியில் இருந்த சனத்துக்கு அதுதான் அப்பம். கப்பல்கள் வந்த பிறகு அந்தத் தீவுச் சனத்தில் முக்கால்வாசி செத்துப்போனது. வாளாலும் செத்தது, நோயாலும் செத்தது. அவர்கள் கிழங்கு என் வயிற்றை நிரப்பியது, அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாமல் இருந்தது. உன் மாமாவும் அதே பள்ளிக்கூடத்தில், என் பக்கத்தில் இருந்து, அதே இறக்குமதிக் கிழங்கைத் தின்றவர்தான்.

நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் மறைக்கமாட்டேன். முந்தின வருடம் நயோமியின் தாய் மெர்லின் தன் தீவிலிருந்து முதன்முறை வந்திறங்கிய அன்று, சம்பந்தியம்மாவுக்குப் பலகாரத்தை நீட்டிக்கொண்டே, நம் ஆட்கள் எந்த மனிதரைக் கண்டாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: "ஊரிலை நீங்கள் எவடம்?" அந்தக் கேள்விக்குள் என்னென்ன கிடக்கிறது என்று உனக்குத் தெரியும். ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்போம், கோயிலைச் சொன்னால் குறிச்சியைக் கேட்போம், அதோடு சாதகம் பார்க்காமலே எல்லாம் பார்த்து முடித்துவிடுவோம். எனக்கும் நயோமிக்கும் இடையில் ஓடுவது நோர்வே மொழி, அவள் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். மெர்லின் கையிலெடுத்த பலகாரத்தைக் கீழே வைத்தா. பிறகு, தான் பிறந்த இடத்தின் பெயர் ஒரு காலத்துத் தோட்டத்துரையின் பெண்சாதியின் பெயர் என்றா. தன் குடும்பப் பெயர் அந்தத் துரையின் கணக்கப்பிள்ளையின் பெயர் என்றா. அதற்கு முந்திய ஊரைக் கேட்டால் சொல்ல ஆளில்லை, ஆபிரிக்காவில் எந்தக் கரை என்றும் தெரியாது என்றா. "ஆனால் எங்கடை வீட்டுக்கு முன்னாலை ஒரு மரம் நிக்குது. நான் ஆரெண்டு அதுக்குத் தெரியும்" என்றா. நான் பலகாரத் தட்டோடு வெட்கப்பட்டு நின்றேன். இனிமேல் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன், நீயும் கேட்காதே.

அமெரிக்கக் கண்டத்துப் பக்கக் கடலில் இருக்கிற அந்தத் தீவுக்கு செயின்ட் குரோய் என்று பெயர். டென்மார்க்கும் நோர்வேயும் ஒரே ராசாவுக்குக் கீழ் இருந்த காலத்தில் அந்த ராசாவின் கொடி அங்கே பறந்தது. காடெல்லாம் அழித்துக் கரும்பு நட்டார்கள். கரும்பும் அங்கே பிறந்ததில்லை, நம் பக்கத்தால் போனதுதான். அதை வெட்ட ஆபிரிக்காவிலிருந்து மனிதரைச் சங்கிலியில் கொண்டுவந்தார்கள். அவர்கள் தின்ன, நீ இப்போது இருக்கிற இந்த நோர்வேக் கரையிலிருந்து உப்பு மீன் போனது. அதே ராசாவின் கொடி தரங்கம்பாடியிலும் பறந்தது, அதுவும் உனக்குத் தெரியட்டும். தமிழன் நெய்த துணி அங்கிருந்து கப்பலேறி, ஆபிரிக்கக் கரையில் மனிதருக்கு விலையாகக் கொடுபட்டிருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தப் பக்கத்துத் தீவுகளுக்குக் கரும்பு வெட்டத் தமிழரையும் ஏற்றினார்கள், அவர்கள் போன இடமெல்லாம் கறிவேப்பிலையும் போய்ச் சேர்ந்தது. ஒரே கடலில் ஒரே கப்பல்கள்தான் தம்பி. நயோமிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்கிறவர்கள் அந்தக் கப்பலில் என்ன ஏற்றினார்கள் என்று ஒருநாளும் பார்க்காதவர்கள்.

நம் முன்னறையில் ஒரு படம் இருக்கிறதே, ஐந்து வயதில் நீ பொங்கலன்று இரண்டு கரும்பைப் பிடித்துக்கொண்டு இளிக்கிற படம், அதன் முன்னால் மெர்லின் கனநேரம் நின்றா. ஏன் கரும்பை வாசலில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டா. மங்களம் என்றேன். "எங்களுக்கு அது சாவு" என்றா. அவ படத்துக் கண்ணாடியில் உன் முகத்தைத் தடவி, "இந்தப் பிள்ளைக்கு அது இனிச்சிருக்கு. அது நல்லதுதான்" என்றா. ஈரப்பலாக்காய்க் கதையையும் அன்றுதான் சொன்னா. அடிமைகளின் வயிற்றை மலிவாக நிரப்பவென்று வெள்ளைக்காரன் பசுபிக் கடலிலிருந்து அந்தத் தீவுகளுக்கு ஈரப்பலாக் கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்தானாம். வந்து காய்த்ததும் அந்தச் சனம் அதைத் தொட மறுத்துவிட்டதாம். பன்றிக்குப் போட்டார்களாம். துரை தந்தான் என்பதற்காகத் தின்ன வேண்டுமா என்று! பிறகு காலம் மாறி, சுட்டும் அவித்தும் பொரித்தும், தங்கள் கைப்பக்குவத்தால் அதைத் தங்கள் சாப்பாடாக ஆக்கிக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சனத்தை அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

மெர்லின் சொன்ன அந்த வீட்டுவாசல் மரம் என்ன மரம் என்று நினைக்கிறாய்? புளி. நம் குசினித் தட்டில் புளிப் பொட்டலத்தைக் கண்டதும் அவ சின்னப் பிள்ளைபோலக் கையைத் தட்டினா. அங்கே புளியைச் சீனியில் உருட்டி உருண்டையாக விற்பார்களாம். நானும் அவவும் உருட்டினோம், அப்பா நாலு தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். பிறகுதான் அவ அந்த மரத்தின் மற்றக் கதையைச் சொன்னா. கரும்புத் தோட்டத்தில் சனத்தை அடிக்கப் புளியங்கம்பைத்தான் வெட்டுவார்களாம். வளையும், முறியாது, தோலை உரிக்கும். உன் தாய்க்குத் தெரியாத கம்பா அது? புளியம் மிலாறு! சமூகக்கல்வி வாத்தியார் அதை எண்ணெய் பூசி வைத்திருப்பார். "அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லி, என் பின்னங்காலில் அவர் போட்ட தழும்பை நான் சேலையைத் தூக்கி அவவுக்குக் காட்டினேன். அவ குனிந்து பார்த்து, அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்தா. நான் பட்டது பள்ளிக்கூடத்து அடி, அவ ஆட்கள் பட்டது உயிர்போகிற அடி, இரண்டையும் நான் சமன் என்று சொல்லவரவில்லை. ஆனால் கம்பு எப்படிச் சுணைக்கும் என்று எனக்கும் தெரியும் என்பது அவவுக்கு விளங்கியது. வேலை முடிந்து அந்தச் சனம் கூடியிருந்து பாடியதும் அதே மரத்தின் கீழ்தானாம். அடித்த மரத்தையே தங்கள் மரமாக ஆக்கிக்கொண்டார்கள். புளி நம்முடையது, தமிழன் இரசத்தின் உயிர் என்றெல்லாம் நாம் பெருமை பேசுகிறோமே, அந்த மரமும் ஆதியில் ஆபிரிக்காவிலிருந்து நம்மிடம் வந்ததாம். நயோமி அதை மெல்லத்தான் சொன்னாள். இம்முறை எனக்குக் கோபம் வரவில்லை.

அந்தப் பொட்டலத்தில் கிடந்த புளியங்கொட்டைகளை நயோமி ஒரு யோகட் டப்பாவில் ஊன்றிவிட்டுப் போனாள். நாலு முளைத்தது, ஒன்று நிலைத்தது. பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில், நீ வாங்கித் தந்த செடி விளக்கின் கீழ், இப்போது என் இடுப்பளவு நிற்கிறது. பின்னேரமானால் இலையை மூடித் தூங்கும். காலையில் நான் தேநீர் குடிக்கும்போது திறந்துகொள்ளும்.

இனி உன் மாமாவின் கதைக்கு வருவோம். அவருடைய மூத்த மகளின் கலியாணம் இதே முற்றத்தில்தான் தொடங்கியது. முள்முருக்குக்கு ஒஸ்லோவில் எங்கே போவது? அண்ணன் சுரங்க ரயில் நிலையப் பக்கத்துப் பற்றைக்குள் புகுந்து, உடம்பெல்லாம் முள்ளாக இருந்த ஒரு செடியை வேரோடு இழுத்துக்கொண்டு வந்தார். "முள்ளிருந்தாச் சரி. உது முள்முருக்கின்ரை நோர்வேச் சகோதரம்" என்று எல்லோருக்கும் சொன்னார். மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டி, மச்சாளுக்குச் சகோதரம் இல்லாதபடியால் அண்ணனே ஊன்றினார். அது துளிர்த்ததும் அவருக்கு வந்த சந்தோசம்! "பாத்தியளோ, நோர்வே மண்ணிலையும் எங்கடை கன்னிக்கால் துளிர்த்திட்டுது" என்று கனடாவுக்கெல்லாம் வீடியோ அனுப்பினார். அந்தச் செடி பிறகு பூத்தது. ரோசா நிறத்தில் பெரிய பெரிய பூ. பூத்துவிட்டு நிற்காமல் புல்வெளிக்குள் ஓடியது, வேலிக்குள் ஓடியது, சின்னப் பிள்ளைகளின் மணல்பெட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தது. முள்முருக்குமில்லை, முருங்கையுமில்லை, அது கிழக்காசியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து பரவிய காட்டு ரோசா. இங்கே அந்நிய இனம் என்று பிடுங்கச் சொல்லுகிற செடிகளில் ஒன்று. குடியிருப்புச் சங்கம் ஒவ்வொரு மாடிப்படி வாசலிலும் அறிவித்தல் ஒட்டியது.

வசந்தத்தில் எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்குகிற டுக்னாட் நாளில் பிடுங்கினோம். உன் மாமா கையுறை போட்டு, மண்வெட்டியோடு முன்னுக்கு நின்றார். வேர் அறமாட்டேன் என்றது. "உந்த அந்நியச் சனியனை எந்த மடையன் கொண்டுவந்து நட்டவன்?" என்று தமிழில் ஏசி ஏசிக் கிண்டினார். நான் பக்கத்தில் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை, உது உங்கடை கன்னிக்கால் என்று வாய்வரை வந்தது, சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். இன்று விழுங்கமாட்டேன். அண்ணை, படிக்கிறியளோ? உங்கள் மகளின் கலியாணத்துக்கு நீங்கள் உங்கள் கையால் ஊன்றியது ஒரு இறக்குமதி. அதற்குப் பால் ஊற்றியவள் நான். உங்கள் மகள் நல்லாய்த்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு, குறையில்லாமல். கன்னிக்கால் அந்நியச் செடியாய்ப் போனதால் அவள் வாழ்க்கை எங்கேயும் கெடவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமோ? இந்த நாட்டில் நம்மையும் அப்படி ஒரு செடியாகப் பார்த்த கண்களை நீங்களும் கண்டிருக்கிறீர்கள், நானும் கண்டிருக்கிறேன். அந்தப் பார்வையை வாங்கி வைத்து, இன்னொரு பிள்ளையின் முகத்தில் எறிய உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தம்பி, உனக்கு இப்போது நான் புத்தி சொல்லவேண்டிய இடம். பொறுத்துப் போ, பெரியவர்கள் அப்படித்தான், நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, உண்மைதான். அதற்காக நாம் நம் வாயை மூடிக்கொண்டு பேர்கனில் போய் ஒளிய வேண்டும் என்று எவன் சொன்னான்? நீ அவளைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாய். நீ மண்டபத்தை விட்டால் அந்தப் பிள்ளை என்ன நினைப்பாள்? தன்னைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வர இவனுக்கு வெட்கம் என்றுதான் நினைப்பாள். வாயால் சொல்லமாட்டாள், அவள் வளர்ப்பு அப்படி. கலியாணத்தில் முதல் நாளே பெண்சாதியை ஒளித்து வைக்கிறவன் பிறகு ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் ஒளித்துக்கொண்டே திரிவான். அவளைப் பேச ஒரு ஆள் எழும்பினால் பதில் சொல்ல நாலு ஆள் நாம் எழும்ப வேண்டும். அதற்குத்தானே குடும்பம், பிறகென்ன பொங்கல் சாப்பிடவா?

ஆகவே ஐயருக்குத் தொலைபேசி அடித்தேன். முள்முருக்கு இல்லை, வீட்டில் ஒரு புளியங்கன்று நிற்கிறது, அதை ஊன்றப் போகிறேன் என்றேன். அவர் தயங்கினார். "அம்மா, பச்சைத்தடி எதெண்டாலும் நான் மந்திரம் சொல்லுவன். ஆனா புளி... அதிலை பேய் குடியிருக்குமெண்டு எங்கடை சனம் சொல்லுறவை" என்றார். "ஐயா, இந்தக் குளிர் நாட்டிலை எந்தப் பேய் ஐயா மரத்திலை இருக்கும்? அதுவும் வீட்டுக்குள்ளை ஹீற்றருக்குப் பக்கத்திலைதான் இருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பஞ்சாங்கத்தைப் பார்த்து நேற்றுக் காலை நேரத்தைச் சொன்னார்.

நேற்று ஊன்றினேன். ஓம், நேற்று. நீ இல்லாமலே, தாய்மாமன் இல்லாமலே. குழி வெட்ட ஆளில்லையே என்று நான் மண்வெட்டியை எடுக்க, வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் நினைக்கிற உன் அப்பா அதை என் கையிலிருந்து வாங்கினார். முழங்கால் நோக நோக, மாமாவின் பல்கனிக்கு நேர் எதிரே, அந்த ரோசா நின்ற அதே மூலையில் வெட்டினார். "இவடத்திலை மண் நல்லாப் பதப்பட்டிருக்கு. உன்ரை அண்ணர்தான் கிண்டி வைச்சவர்" என்றார். கன்றை வாளியோடு இறக்கினோம். குளிர் வருமுன் தூக்கி உள்ளே வைக்க வேண்டும் அல்லவா, வீறாப்புக்காகச் செடியைச் சாகவிட நான் விசரியில்லை. மாவிலை கட்டினேன், நவதானியம் கட்டினேன். கலியாணத்துக்கென்று மறுபடி வந்து எங்களோடு நிற்கிற மெர்லின், நான் கொடுத்த மஞ்சள் சேலையைத் தானே உடுத்துக்கொண்டு வந்து நின்றா, கொசுவம் பின்பக்கம் போயிருந்தது, பரவாயில்லை. ஐயர் மந்திரம் சொன்னார். பெண்கள் மூன்று பேர் ஊற்ற வேண்டும். நான் தண்ணீர் ஊற்றினேன். மெர்லின் ஊற்றினா, ஊற்றும்போது தன் மொழியில் ஏதோ மெல்லச் சொன்னா. மூன்றாவது ஆள் இல்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று வேலை, தடிமன், பல்வலி. மேலே அண்ணன் பல்கனியில் கையைக் கட்டிக்கொண்டு குத்துக்கல் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்பில் பால் இருந்தது. ஐயர் என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரியோ என்றும் ஒரு நினைவு வந்தது. அப்போது எதிர்க் கட்டிடக் கதவு திறந்தது. மச்சாள் வந்தா. வீட்டுச் செருப்போடு, கையில் கழுவிய கோப்பையின் ஈரத்தோடு, நாலு மாடியும் இறங்கி ஓடிவந்திருக்கிறா, மூச்சு வாங்கியது. முப்பது வருடமாக அண்ணனின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மனுசி. செம்பை என் கையிலிருந்து வாங்கி, பாலை ஊற்றி, மெர்லினின் கொசுவத்தை இழுத்துச் சரியாகச் செருகிவிட்டா. பிறகு மேலே நிமிர்ந்து பார்த்து, முற்றம் முழுக்கக் கேட்க, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இறங்கி வாங்கோவன்!" என்றா. அண்ணன் இறங்கி வரவில்லை. உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார். வருவாரோ மாட்டாரோ, அது அவர் பாடு. அவருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டிருக்கும், அதில் வேறு ஆளை இருக்க விடமாட்டேன்.

கன்னிக்கால் ஊன்றியாயிற்று, மகனே. ஊன்றிய பிறகு கலியாணத்தை நிறுத்துகிற வழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை. இது எனக்கு முந்தியவர்களின் சட்டம், இதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றமாட்டேன். கலியாணம் முடியும்வரை மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக்கூடாது என்றும் ஒரு சட்டம் இருக்கிறது. நீங்கள் இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருப்பதை நான் எப்படிக் காணாத மாதிரி இருக்கிறேனோ அப்படியே இன்னும் ஒரு கிழமை இருந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ரயிலைப் பிடி. நயோமியைக் கூட்டிக்கொண்டு வா. நிலையத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு வழி. வாகனத் தரிப்பிடத்துப் பின்வழியால் வந்தால் ஒருவர் கண்ணிலும் படாமல் வரலாம், சின்ன வயதில் பிந்தி வருகிற நாளெல்லாம் நீ அப்படித்தான் வருவாய். இம்முறை முற்றத்தால் வா. மாமாவின் பல்கனிக்குக் கீழால், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாக நடந்து வா. கன்றுக்கு அன்றைய தண்ணீரை நான் ஊற்றாமல் வைத்திருப்பேன், அதை அவள் ஊற்றட்டும்.